குழியில் போடாத நாடா

நாடாவின் மறுமுனையை யாரும் பிடித்திருக்கவில்லை. இருந்தும் அது தொய்யவில்லை.

கறுப்பையா வீட்டின் இந்த மூலையில் நின்று, தோல் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கூரைத் தண்ணீர் வடியும் பீலி ஓரமாக அந்த மூலை வரைக்கும் பார்த்தார். இரும்பு நாடா இல்லை, துணி நாடா, அதுவும் மழையில் ஊறிய துணி நாடா. இவ்வளவு தூரத்துக்கு இழுத்தால் நடுவில் வயிறு விழுந்து தொங்க வேண்டும் என்பது மீசை முளைத்த நாளிலிருந்து கூரைக்குக் கூரை ஏறி இறங்கிய அவருக்குத் தெரியாத விசயமில்லை. இது குத்துக்கல்லுக்குக் குத்துக்கல் நூல் கட்டிய மாதிரி நேராக நின்றது. கடுகண்ணாவை மலையில் மத்தியானம் பிடித்த தூறல் இன்னும் விடவில்லை. கீழே ரோட்டில் லொறிகள் முக்கி முக்கி ஏறுகிற சத்தமும், அழுகிய பலா இலையின் புளித்த வாசமும், வெள்ளையாக மேலே ஏறிவரும் பனியும் சேர்ந்து வீட்டைச் சுற்றி ஒரு ஈரத் துணியைப் போர்த்தியது போல இருந்தது. நாடாவின் அடியில் மழைத்துளிகள் வரிசையாகத் தொங்கின. அவை நடுவுக்கு ஓடவில்லை. ஒன்றன் பின் ஒன்றாக அந்த மூலையை நோக்கி ஓடின. அங்கே பிடித்திருக்கிறவன் கையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்திருந்தால் எப்படி ஓடுமோ அப்படி.

"அந்தப் பக்கம் யாரு பாஸ் புடிச்சிருக்கா?"

வாசற்படியில் குடையோடு நின்ற நிஷாந்தினிதான் கேட்டாள். கூரை வேலைக்காரரை அங்கே எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்காரன் ராஜலிங்கத்தின் ஒரே மகள். அப்பன் கண்டியில் டயர் கடை வைத்திருந்தான். பொழுது சாயத்தான் வருவான் என்று வந்தவுடனேயே சொல்லியிருந்தாள்.

"ஆணி இருக்கு புள்ள. மாட்டி விட்டிருக்கேன்."

"அந்தச் செவத்துல ஏது ஆணி?" சிரித்தாள். "எங்கப்பா ஆணி அடிக்க விடுவாரா? செவரு வெடிச்சிருமாம். எங்க வீட்டுல காலண்டரே அலுமாரிக் கைப்புடியிலதான் தொங்குது."

கறுப்பையா நாடாவைத் தளர்த்தினார். அது ஒரேயடியாக விழவில்லை. முதலில் கொஞ்சம் இளகி, பிறகுதான் விழுந்தது. பிடித்த கை யோசித்து விடுவது போல.

மூலையைச் சுற்றிப் போய்ப் பார்த்தார். சுண்ணாம்புச் சுவரில் ஆணி இல்லை, ஆணி இருந்த ஓட்டையும் இல்லை. முனையில் இருக்கும் பித்தளை வளையம் சீமெந்துத் தரையில் கிடந்தது. வீட்டைச் சுற்றி எல்லாம் சீமெந்து. வளையத்தில் மட்டும் செம்மண் அப்பியிருந்தது.

வந்துவிட்டான்.

கறுப்பையா வளையத்தைத் துடைக்கவில்லை. அப்படியே சுற்றி உறைக்குள் விட்டார். நெஞ்சு அடித்தது. பயமில்லை, அப்போது பயமில்லை. கல்யாண வீட்டுக்குக் காத்திருந்த ஆள் கடைசியாக பஸ்ஸில் வந்து இறங்கினால் வருமே, அந்த அடிப்புத்தான்.

அவர்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவனை அளந்துதான் குழி வெட்டுவார்கள். குதிகாலிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு கயிற்றை நீட்டி அளப்பார்கள். அளந்த கயிறு திரும்பி வீட்டுக்கு வரக்கூடாது. பெட்டி இறங்கியதும் அதையும் கூடவே போட்டு மண்ணைத் தள்ளிவிட வேண்டும். கயிறு மேலே கிடந்தால் கீழே கிடக்கிறவன் படுக்கமாட்டான் என்பார்கள். அந்தக் கயிற்றால் உயிரோடு இருக்கிறவனை நீட்டிப் போட்டு அளந்தால் அவனுக்கும் மண்வெட்டி எடுக்க வேண்டியதுதான் என்றும் பேசிக்கொள்வார்கள். எவனும் செய்து பார்த்ததில்லை. எவன் செய்வான்.

கறுப்பையாவின் மகன் கணேஸ் செத்தபோது கொண்டுவந்த கயிறு எட்டவில்லை. பையன் அவ்வளவு உயரம். தாய்வழி உயரம் அது. லயத்து வீட்டு வாசலில் குனிந்துதான் நுழைவான். கடைசியில் கறுப்பையா தன் நாடாவையே எடுத்தார். வளையத்தை மகனின் குதிகாலில் வைத்து, உச்சிக்கு வந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். குழிக்கு இடம் காட்டப் போய் வந்த விரலில் செம்மண் இருந்தது. அந்த விரலடையாளம் துணியில் அப்படியே விழுந்துவிட்டது. குழி வெட்டினவன் சொன்னான், "அண்ணே, டேப்பையும் உள்ள போட்டுருங்க." கறுப்பையா குனிந்தார். ஒரு மண்கட்டியைப் போட்டார். நாடாவைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டார். மழையில் யாரும் பார்க்கவில்லை. பெண்சாதி வீரம்மாவுக்கும் சொல்லவில்லை.

ஏனென்றால் பொலிஸில் எழுதியிருந்தது வேறு. ஓடு களவெடுக்கக் கூரையில் ஏறினவன் விழுந்து செத்தான் என்று எழுதியிருந்தது. சொன்னவன் ராஜலிங்கம். உடைந்த ஓட்டை மாற்ற வா என்று போன் போட்டு, மழை விடட்டும் முதலாளி என்றவனை இப்பவே ஏறு என்று ஏற்றிவிட்டவனும் அவன்தான். எடுத்துச் சொல்ல ஆளில்லை. பெரிய வீட்டுக்காரன் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், கூரைக்காரன் சொல்வதைக் கேட்க யாருக்கு நேரமிருக்கிறது? அதற்குப் பிறகு கெலிஓயாச் சந்தையில் கறுப்பையா மரக்கறி வாங்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும், "களவாணிப் பயலோட அப்பன்." திரும்பிப் பார்த்தால் எல்லாரும் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

நீ படுக்காதடா, என்று அன்று குழிமேட்டில் நின்று அவர் மனசுக்குள் சொன்னார். வேல முடியிற வரைக்கும் படுக்காத.

நாடா கதவுக்குப் பின்னால் தொங்கியது. மழைக்காலங்கள் வந்து போயின. போன கிழமை ஹாட்வெயார்க் கடையில் நின்றபோது, கடுகண்ணாவை ராஜலிங்கம் ஓட்டைக் கழற்றிவிட்டு ஷீட் போடப்போகிறான், அளந்து சொல்ல ஆள் தேடுகிறான் என்று யாரோ பேசியது காதில் விழுந்தது. ராஜலிங்கம் இவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. செத்த வீட்டுக்கு வந்திருந்தால்தானே பார்த்திருப்பான்.

நிஷாந்தினி உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு பிளேன்டீ கொடுத்தாள். கூடவே ஒரு துண்டு கருப்பட்டி. இந்த வீட்டில் எவரும் மரியாதை தரமாட்டார்கள் என்று நினைத்து வந்தவர் கருப்பட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். கூடத்தில் பழைய பலகைச் சீலிங். இருட்டுப் பிடித்த பலகைகளுக்கு நடுவில் ஓரிடத்தில் மட்டும் பலகை வெளுப்பாக இருந்தது. அவர் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"அந்த எடத்துல கவனமாப் பாருங்க பாஸ். அங்க மரம் உளுத்துப் போயிருந்துச்சு. முன்ன ஒருத்தர் கால் உள்ள போயி, வெளிய உருண்டு விழுந்துட்டார்."

"யாரு?"

"ஓடு மாத்த வந்தவர். நான் அப்ப ஸ்கூல்ல ஏ.எல். படிச்சுக்கிட்டிருந்தேன்." குரலைத் தாழ்த்தினாள், வீட்டில் வேறு ஆளில்லாதபோதும். "உடனே சாகல. வாசல் முத்தத்துல கெடந்தார். வேன் இருந்துச்சு, ஏத்துங்கப்பான்னேன். சீட் புதுசுன்னார். தண்ணி கொண்டு போனேன், உள்ள போடின்னார். அந்த ஆள் எங்கிட்ட, அவங்கப்பாவுக்குப் போன் கோல் எடுக்கச் சொன்னார். நம்பர் சொல்லச் சொல்ல மூச்சு நின்னு போச்சு."

கறுப்பையா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அதுக்கப்புறம் அப்பா அவரக் கள்ளன்னு சொல்லிட்டார். நானும் வாயத் தொறக்கல பாஸ். ராவைக்கு நெனச்சா..." நிறுத்தினாள். காலைத் தூக்கிப் பார்த்தாள். "என்னமோ ஊருது. அட்டையா?"

அட்டையில்லை.

கறுப்பையாவின் மடியில் தோல் உறை இருந்தது. அதன் பித்தளைக் கைப்பிடி தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது, மெதுவாக, சத்தம் வராமல். நாடா அவர் முழங்காலில் வழிந்து, தரையில் இறங்கி, கதிரைக் காலைச் சுற்றி, அவளுடைய குதிகாலுக்கு வந்து சேர்ந்திருந்தது. வளையம் குதிகாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. துணி அவளுடைய கெண்டைக்காலின் பின்பக்கமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது, கை வைத்து நீவி நீவி ஏற்றுவது போல.

அவர் பாய்ந்து இழுத்தார். அது இழுபட்டு வந்தது. வர மனமில்லாமல் வந்தது.

"என்ன பாஸ்?"

"ஒண்ணுமில்ல புள்ள. டேப்பு நழுவிருச்சு. இதத் தொடாதீங்க. துரு. கையக் கிழிச்சிரும்."

அவள் நம்பினாளோ என்னவோ, பிளேன்டீ போட்ட குசினிக்குள் போய்விட்டாள். கறுப்பையா உறையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது பயம் வந்தது. தண்ணி கொண்டுபோனவள் இவள். சீட் புதுசு என்றவன் அவன். இது இவருக்குத் தெரியும். கீழே கிடந்தவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கண்ணில் மண் விழுந்தவனுக்கு முகம் ஏது, பேர் ஏது? அவனோடு போயிருக்க வேண்டியது அவனுடைய அளவு. அதைத்தான் தேடுகிறான். யார் காலில் பட்டாலும் அளந்து பார்ப்பான்.

எழுந்து போய்விடலாம். போகிற வழியில் பள்ளத்தில் வீசிவிடலாம். வீசினால் போதும் என்று தோன்றியது. எழுந்தும் விட்டார்.

வாசலில் வேன் வந்து நின்றது. வெள்ளை வேன், அவள் சொன்ன அதே வேனாகத்தான் இருக்கும். ராஜலிங்கம் கதவைத் திறந்து இறங்கினான். உள்ளே விளக்கு எரிந்தது. சீட்டுகளின் மேல் கடையில் போட்டுக் கொடுத்த பொலித்தீன் இன்னும் கழற்றாமல் பளபளத்தது.

கறுப்பையா திரும்பவும் உட்கார்ந்துகொண்டார்.

ராஜலிங்கம் கட்டையான ஆள். நடக்கும்போது தரையை உதைத்து நடப்பான். சப்பாத்தைக் கழற்றி, பார்த்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் ஆளைப் பார்த்தான்.

"அளந்தாச்சா? எத்தன ஷீட்டு?"

"வெளிய நீளம் பாத்தேன் முதலாளி. எப்படியும் அறுபது போகும்."

வேண்டுமென்றேதான் கூட்டிச் சொன்னார். இப்படிப்பட்ட ஆளை மேலே ஏற்ற வேறு கயிறு தேவையில்லை.

ராஜலிங்கம் மகளைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியா? நேத்து வந்தவன் அம்பதுங்குறான், இவரு அறுபதுங்குறார். பாஸ், மிச்சப் பத்தும் உங்க வீட்டுக் கோழிக் கூட்டுக்கா?"

"எங்க வீட்டுல கோழி இல்லீங்க."

"இந்தக் கூரை முடிஞ்சா வாங்கிருவீங்க."

"உங்களுக்கு நம்பிக்க இல்லாட்டி நீங்களே முனையப் புடிங்க முதலாளி. முகட்டுல நான் நிக்கிறேன். பீலி ஓரத்துல நீங்க புடிங்க. நீளத்த நீங்களே பாத்துக்கங்க."

"புடிக்கத்தான் போறேன். டேப்ப எங்க புடிச்சு எங்க வாசிப்பீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்." சேட்டின் கையை மடித்தான். "ஓட்டு மேலதானே?"

"ஈர ஓட்டுல மனுசன் ஏறுவானா? சீலிங்குக்குள்ள போய் அடியில அளக்கலாம்."

"ஏறுறவன் ஏறத்தான் செய்யிறான். முன்ன ஒருத்தன் ஏறினானே."

"அவன் என்ன ஆனான்?"

"கள்ளன். விழுந்து செத்தான்." பல்லிடுக்கில் எதையோ நாக்கால் துழாவிக்கொண்டே சொன்னான். "ஏணி கொண்டா நிஷா."

நிஷாந்தினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கறுப்பையாவின் காதில் இரத்தம் இரைந்தது. பள்ளம், வீசுவது, எல்லாம் மறந்து போனது.

"புள்ள," என்றார், ஏணியைச் சார்த்தியதும். "நீங்க இந்தப் பக்கம் வராதீங்க. மேலேருந்து தூசி விழும். குசினியில இருங்க."

நடைவழிச் சீலிங்கில் சதுரமாக ஒரு வாசல். ராஜலிங்கம் போனில் வெளிச்சம் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினான். பின்னால் கறுப்பையா.

மேலே குளிராக இருந்தது. வௌவால் புழுக்கையும் எலி மூத்திரமும் பல வருசத்துத் தூசியும் சேர்ந்த நெடி மூக்கில் ஏறியது. தலைக்கு மேலே ஒரு கை தூரத்தில் மழை, ஓட்டில் யாரோ அரிசியைக் கொட்டிக் கொட்டிப் புடைப்பது போல ஓயாமல் விழுந்தது. ஓட்டு இடுக்குகளில் சாயங்கால வெளிச்சம் சாம்பல் நூலாக வந்து தொங்கியது. முகட்டுக்குக் கீழே குனிந்து நிற்கலாம். அங்கிருந்து இரண்டு பக்கமும் கூரை சரிந்து சரிந்து, ஓரத்தில் சீலிங்கோடு ஒட்டிவிடுகிற இருட்டாக முடிந்தது. ஓட்டைத் தாங்கிய கறுத்த கைமரங்களுக்கு நடுவில் ஒன்று மட்டும் புது மரம். வெள்ளையாக. உடைந்ததற்குப் பதிலாக வைத்தது.

"பலகையில மிதிக்காதீங்க. சட்டத்துல கால வைங்க."

"என் வீடு. எனக்குச் சொல்லித்தாறீங்களா?"

கறுப்பையா முகட்டுத் தூணில் சாய்ந்து நின்று நாடாவை எடுத்தார். வளையத்தை நீட்டினார். ராஜலிங்கம் வாங்கினான்.

"ஏன் இது இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"பித்தளை முதலாளி."

"மண்ணாக் கெடக்கு."

"ஆமா."

புது மரம் இருந்த பக்கமாகத்தான் அனுப்பினார். ராஜலிங்கம் சட்டங்களின் மேல் தவழ்ந்து போனான். போனைச் சேட்டுப் பையில் மாட்டியிருந்தான். வெளிச்சம் அவன் மூச்சோடு சேர்ந்து ஆடியது. கூரை தாழத் தாழ முழங்காலில் போக முடியவில்லை. முழங்கையில் போனான். பிறகு வயிற்றில். கைப்பிடி கிர் கிர் என்று சுற்ற, நாடா அவன் பின்னால் போனது.

"இதுக்கு மேல போகாது பாஸ்."

"பீலி ஓரம் தொட்டாத்தானே அளவு. படுங்க."

"படுத்துத்தான் இருக்கேன்."

"நல்லாக் கால நீட்டிப் படுங்க முதலாளி."

அவன் நீட்டிப் படுத்தான்.

இதற்காகத்தான். இத்தனை மழைக்காலமும் இதற்காகத்தான். கறுப்பையா கைப்பிடியை நிறுத்தினார். வளையம் அவன் தலைமாட்டில். துணி அவன் பிடரியில், முதுகில், கால்களுக்கு நடுவில், குதிகாலைத் தாண்டி இவர் கை வரைக்கும். தளர்ந்து கிடந்த துணி மெல்ல மெல்ல அவன் முதுகோடு படிந்தது. மேலிருந்து ஒரு உள்ளங்கை நீவிவிட்டது போல.

"புடிச்சிட்டீங்களா?"

"புடிச்சிட்டேன். ஏன் இழுக்குறீங்க?"

"நான் இழுக்கல."

"இழுக்குறீங்க பாஸ். விடுங்க."

"இழுக்கலன்னு சொல்றேனே."

ராஜலிங்கத்தின் குரல், சின்னதாக.

"அப்ப என் கால யாரு புடிச்சிருக்கா?"

கறுப்பையா முகட்டுத் தூணை விட்டு முன்னால் குனிந்தார். போன் வெளிச்சம் அவன் நெஞ்சுக்கடியில் அமுங்கி, விளிம்பில் மட்டும் கசிந்தது. அது போதுமாக இருந்தது. நாடாவில் அந்த விரலடையாளம் தெரிந்தது. செம்மண் கட்டைவிரல். அது அவன் குதிகாலுக்கு இந்தப் பக்கம் கிடந்தது, ஒரு சாணுக்கும் மேலே தள்ளி.

கணேஸ் உயரம். இவன் கட்டை.

"அவன் பேரு கணேஸ்," என்றார் கறுப்பையா. அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது. "என் மகன். கள்ளனான்னு சொல்லு."

"பாஸ்... தூக்குங்க பாஸ்..."

"சொல்லுடா."

"நான்தான்... நான்தான் வரச்சொன்னேன். மழைல ஏறச் சொன்னேன். அவன் ஒண்ணும் எடுக்கல. ஐயோ, கால்..."

சொல்லிவிட்டான். சந்தையில் கேட்டிருக்க வேண்டியது, பொலிஸில் எழுதியிருக்க வேண்டியது, வௌவால் புழுக்கைக்கு நடுவில் அவன் வாயிலிருந்து வந்துவிட்டது. கறுப்பையாவுக்குள் ஏதோ ஒன்று இனித்தது. வெட்கமில்லாமல் இனித்தது. அவன் இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டும் என்று நின்றார்.

அப்போதுதான் குதிகால்கள் நகர்ந்தன.

தலை நகரவில்லை. குதிகால் மட்டும்.

விரலடையாளத்தை நோக்கி. மெதுவாக. கரும்பை முறுக்கினால் வருகிற சத்தம். ஒரு முறை. இன்னொரு முறை. ராஜலிங்கம் கத்தவில்லை. கத்த மூச்சு வேண்டும். விரல்கள் மட்டும் பலகையைப் பிறாண்டின.

"போதும்டா," என்றார் கறுப்பையா.

நிற்கவில்லை.

"சொல்லிட்டான்ல. போதும் கணேஸ். விட்டுரு."

முறுக்கும் சத்தம்.

"அப்பா சொல்றேன்டா."

குதிகால் அடையாளத்தைத் தொட்டது. சரியாகத் தொட்டது. பிறாண்டல் நின்றது.

மழை.

நாடா தளர்ந்தது. முடிந்தது என்று அவர் மூச்சு விட்டார். அளந்தாயிற்று. இனி இதைக் கொண்டுபோய்க் குழிமேட்டில் புதைத்துவிடலாம். நாளைக்கே. விடிந்ததும்.

இருட்டில் பித்தளை சட்டத்தில் தட்டியது. டிங். கொஞ்சம் கிட்டத்தில் இன்னொரு தடவை. வளையம் வந்துகொண்டிருந்தது. அவர் கைப்பிடியைச் சுற்றவில்லை. அது தானாகவே வந்தது. அவர் காலடிக்கு வந்தது. நிற்காமல் தாண்டிப் போனது. நடைவழிச் சதுரத்திலிருந்து மஞ்சள் வெளிச்சம் மேலே வந்த பக்கமாக.

"அப்பா?"

நிஷாந்தினியின் குரல், ஏணிக்குக் கீழே.

"என்னமோ சத்தம் கேட்டுச்சு. அளந்து முடிஞ்சுதா? டார்ச் கொண்டு வாரேன் இருங்க."

"ஏறாத புள்ள."

"அப்பா ஏன் பேசல?"

"ஏறாதன்னு சொல்றேன்."

ஏணி கிறீச்சிட்டது. ஒரு படி. அவர் நாடாவைப் பிடித்தார். அது உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. இரண்டு கையாலும் பிடித்தார். நிற்கவில்லை. இரத்தத்தில் வழுக்கியது. இன்னொரு படி. சதுரத்தின் விளிம்பில் அவள் விரல்கள் தெரிந்தன. நீளமான, வளையல் போட்ட கை. பிளேன்டீ தந்த கை. தண்ணி கொண்டுபோன கை.

வளையம் அந்த விரல்களுக்கு அரையடி தூரத்தில் இருந்தது.

கறுப்பையா படுத்தார்.

சட்டத்தின் மேல் மல்லாந்து படுத்தார். காலை நீட்டினார். குதிகால் இரண்டையும் சேர்த்து வைத்தார்.

"இந்தா," என்றார். "இங்க அள. இங்க வாடா."

பித்தளைச் சத்தம் நின்றது. யோசித்தது.

திரும்பியது.

குதிகாலில் குளிர். மகனுக்கு அவர் எப்படி வைத்தாரோ அப்படியே வைத்தான், உள்பக்கமாக, எலும்பில் படும்படி. துணி ஏறியது. முழங்கால். வயிறு. நெஞ்சு. கழுத்து. முகத்தின் மேல் ஈரமாகப் படிந்து நெற்றியைத் தாண்டிப் போனது. குழிமண் வாசம். அவர் கண்ணை மேலே உருட்டிப் பார்த்தார். உச்சிக்கு அப்பால், வெறும் மரத்தில், அவருடைய சொந்தக் கட்டைவிரல் அடையாளம் கிடந்தது. வயசில் குறுகிப்போன ஆள் அவர். மகனின் தோளுக்குத்தான் வருவார்.

அடையாளத்தின் மேல் இன்னொரு கட்டைவிரல் வந்து அழுத்தியது.

டார்ச் வெளிச்சம் மேலே ஏறியது. கைமரங்களில் ஆடியது. பிறகு பீலி ஓரத்துக்குத் திரும்பி, ராஜலிங்கத்தின் கால்களில் நின்றது. குதிகால் வரைக்கும் இருந்த காற்சட்டை இப்போது கெண்டைக்காலுக்கு மேலே நின்றது. அதற்குக் கீழே, வெள்ளையாக, நீளமாக.

"அப்பா," என்றாள் நிஷாந்தினி.

கறுப்பையாவின் தாடைக்கடியில் இரண்டு கைகள் வந்து பிடித்தன. மெதுவாக, தூங்குகிற அப்பனின் தலையைத் தூக்கித் தலையணை வைக்கிறவன் பிடிப்பது போல. கணுக்கால்களிலும் அதே கைகள்.

அடையாளத்துக்கு இன்னும் ஒரு சாணுக்கு மேல் இருந்தது.